விளையாட்டுக்கு ஒரு கூடாரம்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கல்லில் இருந்த ரொட்டி கருகியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தலவாக்கலையில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கிறவர், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி, பின்னால் மலை, மேயும் மரைமான்கள், நடுவில் நீலமாக ஒரு கூடாரம்.

"வெளிநாட்டுக்காரங்க பிளேன் ஏறி வந்து பாக்குறாங்க. இந்தா இருக்கு, நம்ம ஒரு தடவ போனதில்ல. வெக்கமா இல்லையா?" என்றார்.

"கூடாரத்துல படுக்கிறது எனக்குப் பழக்கம்தாங்க. ஒங்களுக்குத்தான் புதுசு," என்றேன்.

கதை அவருக்குத் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது, டிக்கோயாப் பக்கம் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் மேல் மலை சரிந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் தப்பினோம். கடைசி வீட்டில் இருந்தவர்கள் தப்பவில்லை. தோட்டத்து மைதானத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்து, கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். நான் வயதுக்கு வந்ததே அதற்குள்தான். தாய்மாமனுக்குக் குச்சு கட்டும் வேலை மிச்சம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மழை பெய்தால் கூரைத்துணி தண்ணீரைச் சுமந்துகொண்டு உள்ளே தொங்கும். அம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியால் கீழேயிருந்து முட்டித் தள்ளிவிடுவாள். இன்றைக்கும் தகரத்தில் மழை விழுந்தால் நன்றாகத் தூங்குவேன். குடைத்துணியில் விழும் சத்தம் கேட்டால் கை சில்லிட்டுவிடும்.

இப்போது நாங்கள் இருப்பது வட்டகொடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. வந்து பார்த்தவர்கள் இந்த இடம் சரியில்லை என்றார்கள், எங்கே போவது என்று சொல்லவில்லை. பெருமழைக்கு எச்சரிக்கை வந்தால் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கும் பையை எடுத்துக்கொண்டு, நாயை அவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்போம். மண் வந்தால் கட்டிப்போட்ட நாய் என்ன செய்யும்? எங்கள் லயத்தில் நாயை அவிழ்க்காமல் ஒருவரும் படியிறங்க மாட்டார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் பயம் என்னோடு ஒழியட்டும் என்று தோன்றியது. அவளுக்காவது கூடாரம் ஒரு விளையாட்டுச் சாமானாக இருக்கட்டும். சரி என்றேன். மாசி மாதத்துப் பௌர்ணமிக்கு விடும் போயா லீவுக்குப் போவதாக முடிவாயிற்று. அது மழையில்லாத மாதம்.

அதற்குப் பிறகு மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அனுமதிக்கு அலைந்தார், சிநேகிதர் ஒருவரிடம் கூடாரம் இரவல் வாங்கினார். மேலே பனி கொட்டும், இந்தக் கம்பளி காணாது என்றார். என்ன சமைத்துக் கொண்டுபோவது என்று எனக்கே புத்தி சொன்னார். சொந்த வீட்டில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆள்! உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் ஆசை தொற்றிக்கொண்டது. ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் போதும் என்று நானும் திட்டத்தில் கலந்துகொண்டேன்.

போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பழகிப் பார்க்கலாம் என்று அவர் லயத்து வாசலில் கூடாரத்தை விரித்தார். நீலத்துணி எழுந்து நின்றதுதான் தாமதம், எங்கள் வரிசைக் கடைசி வீட்டு அக்கா தோளில் பையோடு ஓடி வந்தார்.

"எப்ப போகச் சொன்னாங்க? எங்களுக்கு யாரும் சொல்லலியே!"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருவர் நாயையும் அவிழ்த்துவிட்டிருந்தார். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். பொட்டு மேகம் இல்லை.

என் கணவர் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. "வீடு இருக்கையில யாராச்சும் ஆசப்பட்டு கூடாரத்துல போய்ப் படுப்பாங்களா? அவருக்குத்தான் தெரியாது. ஒனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. மகள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகிற நாள் காலையில் வேன் வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த பையை நான் வேண்டுமென்றே தொடவில்லை. நாய்க்குச் சோறு வைக்கக் கடைசி வீட்டு அக்காவிடம் சொல்லியிருந்தேன், முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் எங்கள் நாய் தேயிலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

"யாரு நாய அவுத்து விட்டது?" என்று கத்தினேன்.

"நாந்தாம்மா," என்றாள் மகள். "மண்ணு வந்தா அது ஓடணுமில்ல?"

அவள் அப்பா வேன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மண்ணு வராது பாப்பா. மழையே இல்ல பாரு. நாளைக்குத் திரும்பி வந்துருவோம்," என்றேன்.

"திரும்பி வர்றோம்னா எதுக்கும்மா கூடாரம்?"

விளையாட்டுக்கு என்று சொன்னேன். என் காதுக்கே அது பொய்யாகப் பட்டது. என்னோடு ஒழியட்டும் என்று நான் நினைத்தது எப்போதோ அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நாயைக் கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை மகள் கையில் கொடுத்து, "நீயே கட்டு," என்றேன். தன் கையால் கட்டினால் நம்புவாள் என்று நினைத்தேன்.

கட்டினாள். நிமிர்ந்து லயத்துக்கு மேலே மலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முடிச்சு தளர்வாக இருந்தது, நாய் ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். தெரிந்துதான் அப்படிப் போட்டிருந்தாள். நான் அதை இறுக்கவில்லை.