யாரும் வீடு திரும்பாத கதை

என்னிடம் புத்தகம் கேட்டு வருகிறவர்களிடம், "உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று நான் கேட்பதில்லை. "எதைத் தாங்க மாட்டீங்க?" என்றுதான் கேட்பேன். நான் படிக்கிற சரக்கு அப்படி. பேய்க்கதை என்று நினைத்துக்கொண்டு சிலர் ஆசையாக வருவார்கள். பேயாவது பிசாசாவது! பேய் வந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். எல்லாம் மனிதன் மனிதனைக் கூறுபோடுகிற கதைகள். ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் எழுதுகிறது, ஒரு கூட்டம் படிக்கிறது. 'எக்ஸ்ட்ரீம் ஹாரர்' என்பார்கள். தமிழில் என்ன சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பெரியம்மா மட்டும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்: கண்றாவி.

ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பல் கிளினிக்கில் எனக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வாயில் ரத்தம் துடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் ரத்தம்தானா என்று எல்லாரும் கேட்டாயிற்று. பதில் சொல்லி அலுத்துவிட்டது. பிடிக்கிறது, படிக்கிறேன், அவ்வளவுதான். என்னைப் போல இன்னும் ஐந்தாறு கிறுக்குகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, தே தாரிக் தேநீர் ஆறுகிற வரை பேசுவோம். யாருக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்பது என் பொறுப்பு. எங்களில் ஒரு டாக்ஸிக்காரர் இருக்கிறார். எத்தனை பேரை அறுத்தாலும் அசைய மாட்டார், நாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருக்குக் குழந்தைகள் விஷயம் ஆகாது. எனக்கே கண்ணில் கை வைத்தால் ஆகாது. விருந்தாளிகளில் ஒருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, இன்னொருவருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று ஞாபகம் வைத்துச் சமைப்பதில்லையா, அதே வேலைதான் இதுவும். என் கையால் புத்தகம் வாங்கி ஒருவர்கூட மனம் நொந்து திரும்பியதில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

இந்தப் பெருமையெல்லாம் அண்ணியிடமிருந்து தொடங்கியது.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனாரும் அண்ணியும் எப்போது முட்டிக்கொள்வார்கள் என்று சொந்தபந்தமெல்லாம் காத்திருந்தது. நானும் கொஞ்சம் முறைப்பாகத்தான் இருந்தேன். ஒருநாள் சோபாவில் நான் போட்டுவிட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறார். அட்டையைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும் புத்தகம் அது. திருப்பிக் கொடுக்கும்போது ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சாவகாசமாக, "இதைவிட மோசமா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு விழுந்தவள்தான் நான்.

அண்ணனோ தொலைக்காட்சியில் ஊசி போடுவதைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். அவருடைய புக்கிட் பாத்தோக் வீட்டில் நாங்கள் இருவரும் தோசை தின்றுகொண்டே தோலுரிப்பைப் பற்றிப் பேசுவோம். "சாப்பிடுற எடத்துல பேசுற பேச்சா லா இது?" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே தின்பார். அண்ணி வேண்டுமென்றே குரலை உயர்த்துவார். "ரெண்டு பேரையும் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். நாங்கள் சிரிப்போம். அதுதான் எங்கள் வீடு.

அண்ணன் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தார். புக்கிட் பாத்தோக் ரயில் நிலையத்தில் இறங்கியவர் மேடையிலேயே சரிந்தார். மாரடைப்பு. வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு வலி, ஒரு எச்சரிக்கை, எதுவும் கிடையாது.

அண்ணி அழவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போதும் அழவில்லை, திரும்பி வந்து வீட்டைக் கழுவும்போதும் அழவில்லை. பெரியம்மா என்னைத் தனியே இழுத்து, "அவள அழ வைடி. அழாம இருந்தா நெஞ்சை அடைச்சுக்கும்" என்றார். வந்தவர்கள் எல்லாரும் அண்ணியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சரிதான், பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் அவர் அண்ணன்தானே? என்னை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்றே இன்னொரு பேச்சும் கிளம்பியது. அண்ணியின் தம்பி எல்லை தாண்டி ஜொகூரில் இருக்கிறார். "பிள்ளைகுட்டியும் இல்லை. அக்கா எங்ககூட வந்துடட்டும்" என்றார். நல்ல மனுஷன், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் போன பிறகு அண்ணி எனக்கு யார்? நடுவிலிருந்த ஆள் போய்விட்டால் அந்த உறவு எதில் நிற்கும்? யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு நடுவே மிச்சம் இருந்தது இந்தக் கண்றாவிப் புத்தகங்கள் மட்டும்தான். அண்ணனோடு அண்ணியும் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அன்று எல்லாரும் போன பிறகு சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணி என் முகத்தைப் பார்க்காமல், "புதுசா ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னது அண்ணி?"

"புக்கு. ரொம்ப மோசமா இருக்கணும்."

வரவேற்பறையில் யார் யாரோ கொண்டுவந்து வைத்த பக்திப் புத்தகங்கள் ஒரு அடுக்கு இருந்தன. அதைக் காட்டி அண்ணி சொன்னார், "எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க. மெதுவா நடக்குறாங்க. கதவைக்கூட மெதுவாச் சாத்துறாங்க. எங்கேயாச்சும் யாராச்சும் கத்துனா தேவலைன்னு இருக்கு எனக்கு."

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "எதைத் தாங்க மாட்டீங்க?"

"இனிமே என்னடி இருக்கு தாங்குறதுக்கு?"

அப்படிச் சொன்னாலும் விட்டுவிட முடியுமா? என் அலமாரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மருத்துவமனை வருகிற கதை வேண்டாம். சவப்பெட்டி வேண்டாம். ரயில் வேண்டவே வேண்டாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற ஆள் ஒரு மூலையில் வந்தால்கூட அந்தப் புத்தகம் தள்ளுபடி. கடைசியில், குளிர்ந்த கடலோர ஊர் ஒன்றில் மீன் கிடங்கு வைத்திருக்கிற ஒருவன் ஊர்க்காரர்களைக் கொக்கியில் மாட்டுகிற கதையைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் தேக்கா கூட்டத்தில் ஒருவர் ஒரு மாதம் மீன் வாங்கவில்லை. நம் வாழ்க்கைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பாதுகாப்பான புத்தகம் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விஷயம் பெரியம்மாவின் காதுக்குப் போய், போனிலேயே ஆடித் தீர்த்தார். "துக்க வீட்டுல படிக்கிற படிப்பாடி இது? அவளுக்குத்தான் புத்தி பேதலிச்சிருக்கு, உனக்குமா?" ஆனால் அண்ணியிடமிருந்து வேலை நேரத்தில் குறுஞ்செய்தி வரத் தொடங்கியிருந்தது. 'அய்யய்யோ, அந்தக் கொக்கி!' என்று ஒன்று. 'இவனுக்கெல்லாம் நல்ல சாவே வராது' என்று ஒன்று. அதைப் பார்த்து, பல் பிடுங்க வந்தவர் எதிரிலேயே சிரித்துவிட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார் என்றும் தெரிந்தது. நான் கெட்டிக்காரிதான் என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அப்புறம் செய்திகள் நின்றுபோயின.

அந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது. சிராங்கூன் சாலை விளக்குகளைப் பார்க்கப் பிடிக்காமல், ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவையும் விட்டிருந்தேன். தீபாவளியன்று காலை நேராகப் புக்கிட் பாத்தோக் போனேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி எனக்கு 'ஹேப்பி தீபாவளி' சொன்னார். தலையை ஆட்டிவிட்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்த அண்ணி 'வா' என்றுகூடச் சொல்லவில்லை. கையில் புத்தகம். "இதை ஏன் நீ சொல்லல?" என்றார்.

எதை விட்டேன்? நாய் இல்லை, குழந்தை இல்லை, நெஞ்சுவலி இல்லை. "எதை அண்ணி?"

விரலை வைத்துக் காட்டினார். வாங்கிப் படித்தேன். ஒருவன் கடையிலிருந்து மனைவிக்குப் போன் செய்கிறான். ரொட்டி வாங்கி வரவா என்று கேட்கிறான். வாங்கி வா என்கிறாள். வருகிறான். நனைந்த காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிரைத் திட்டுகிறான். சூப் குடிக்கிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லாத பக்கம். அந்தப் புத்தகத்தை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன், அப்படி ஒரு பக்கம் இருந்ததே எனக்கு நினைவில்லை.

"அன்னிக்கும் போன் பண்ணாரு" என்றார் அண்ணி. "ரயில்லேர்ந்து. 'மீ கோரெங் தாப்பாவ் பண்ணிக் கட்டி எடுத்துட்டு வரட்டுமா'ன்னு கேட்டாரு. 'வேணாம், சோறு இருக்கு, வாங்க'ன்னேன். 'சரி, வந்துட்டேன்'னாரு." புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நான் சோத்தைப் போட்டுட்டேன், தெரியுமா? வந்ததும் சாப்பிடட்டும்னு தட்டுல போட்டு வச்சிட்டேன்."

இத்தனை நாளும் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவர் அப்போதும் அழவில்லை. நான்தான் வாசற்படியிலேயே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்க, ஓவென்று அழுதேன். அண்ணி என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் முதுகில் கை வைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"இனிமே புக்கு குடுக்கும்போது இதைச் சொல்லிடு. வெட்டு குத்து எப்படி வேணா இருக்கட்டும். வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆளு இருக்கானான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

"சரி அண்ணி" என்றேன். இவ்வளவுதானா, இதுகூட முடியாதா என்றுதான் நினைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிறு பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து என் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நரமாமிசம் தின்கிறவன் கதையில் அவனுடைய அண்டை வீட்டுக்காரன் வேலை முடிந்து வந்து பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். நிலவறைக் கதையில் கணவன் பூட்டைத் திறந்துகொண்டே மனைவியைக் கூப்பிட்டான். ஒரு கதையில் கொலைகாரனுக்கே வீடு இருந்தது, கதவைத் திறந்துவிட ஒருத்தி இருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒன்றுகூடவா இருக்காது? இல்லை. அறுக்கப்போகிற ஆளை முதலில் வீட்டுக்குக் கூட்டிவந்து, சாப்பிட உட்கார வைத்து, அவன்மேல் நமக்கொரு பிரியத்தை உண்டாக்கிவிட்டுத்தான் எழுதுகிறவர்கள் கத்தியை எடுக்கிறார்கள். "ஆரம்பத்துல கொஞ்சம் போர் அடிக்கும், பொறுத்துக்குங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நானே வேகவேகமாகப் புரட்டிவிட்டுப் போன பக்கங்கள். அன்றைக்கு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் அண்ணனுடைய செருப்புச் சத்தம் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் அண்ணி வீட்டுக்குப் போனேன். புத்தகம் எதையும் எடுத்துப் போகவில்லை. எங்களுக்குள் இருந்த கடைசிப் பேச்சும் இன்றோடு சரி, இனி ஜொகூர்தான் என்று ரயிலில் நினைத்துக்கொண்டே போனேன்.

"இல்லை அண்ணி. ஒண்ணுகூட இல்லை. எல்லாத்துலயும் யாராச்சும் வீட்டுக்கு வர்றாங்க" என்றேன்.

அண்ணி எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். என் எதிரே உட்கார்ந்தார். "எல்லாத்துலயுமா?" என்றார்.

"எல்லாத்துலயும்."

"அப்ப அதையே கொண்டு வா."

"எதை?"

"அந்தப் பக்கங்களத்தான். உக்காந்து படிக்கலாம். வெட்டு குத்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திடலாம்."

இப்போது அதுதான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு புக்கிட் பாத்தோக் போகிறேன். ஜொகூர்ப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அவருடைய தம்பி வாரம் தவறாமல் கேட்கிறார், அண்ணி 'பார்க்கலாம்' என்கிறார். நான் சத்தமாகப் படிப்பேன், அண்ணி கேட்பார். உலகத்திலேயே கொடூரமான கதைகள் என்று பெயர் வாங்கியவை எல்லாம் எங்கள் வீட்டில் முப்பது நாற்பது பக்கத்துக்குமேல் போவதில்லை.

போன வாரக் கதையில் ஒருவன் மழையில் வந்தான். குடையை உதறி மூலையில் சாய்த்தான். மேசையில் தட்டு இருந்தது, சூடாக இருந்தது. அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அடுத்த பக்கத்தில் சமையலறை ஜன்னல் வழியாக என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தைத் திருப்பக் கை வைத்தேன். அண்ணி குனிந்து என் கையோடு சேர்த்துப் புத்தகத்தை மூடினார். அவர் கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"போதும்டி" என்றார். "அவரு சாப்பிடட்டும்."