எங்கள் மயானத்தில் ஆளுக்கொரு மரம்

“...அட, மயானம்னா மயானம்னு சொல்லுங்க, காடுன்னா காடுன்னு சொல்லுங்க. ரெண்டும்னு சொன்னா நான் என்னன்னுங்க எடுத்துக்கறது?”

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி இப்படிக் கேட்டபோது, தேயிலை நடப்போகிற இடத்தில் அடையாளத்துக்கு ஊன்றும் மூங்கில் குச்சி ஒன்று அவர் கையில் இருந்தது. பின்னால் இரண்டு பேர் கட்டுக் கட்டாக அதே குச்சியைச் சுமந்துகொண்டு நின்றார்கள். எங்கள் மயானத்து ஓரத்தில் முதல் குச்சியை ஊன்றியாகிவிட்டது. எண்பதுகளின் நடுவில், கீழ்க் கோத்தகிரிப் பக்கம், ஒரு மாசி மாதக் காலை. கூடையோடு கொழுந்து கிள்ளப் போகிற வழியில் நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

அவருக்குப் பதில் சொல்ல முன்னே போனது என் பக்கத்து வீட்டு அக்கா. அந்த மயானம் தொடங்கியதே அவரால்தான்.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பல் ஏறி வந்து, இந்த லயத்து வரிசை வீடுகளில் குடிவைக்கப்பட்ட முதல் குளிர்காலத்திலேயே அக்காவின் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் அவரவர் மயானம் இருந்தது. நேற்று வந்த எங்களுக்கு ஏது? டவுனுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். “லாரியில ஏத்தி அனுப்ப அவரு என்ன கொழுந்து மூட்டையா? என் கண்ணெட்டுற தூரத்துலதான் வைப்பேன்” என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். அப்போதிருந்த அதிகாரி, தேயிலை பிடிக்காது என்று விட்டுவைத்திருந்த ஈரச் சரிவு ஒன்றைச் சோலைக்காட்டு ஓரத்தில் காட்டினார். அங்கேதான் அடக்கம் செய்தோம். பிறகு என் மாமியார், அடுத்த லயத்துப் பெரியவர், இன்னும் சிலர்.

இடம் கிடைத்த பெருமையில் நாங்கள் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தோட்டத்துச் சனத்துக்குச் சுத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான், ஒரு புல் இருக்கக்கூடாது. தேயிலைக்குக் களை எடுப்பதுபோலவே சுரண்டியும் களை கிளறும் இரும்பு முள்ளும் எடுத்துக்கொண்டு போய் மயானத்தை மொட்டையடித்தோம். சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம், அப்படி ஒரு சுத்தம்! ஐப்பசி மழை வந்தது. மூன்று நாள் விடாத மழையில் சரிவு பாதி கரைந்து ஓடைக்குப் போனது. அக்காவின் வீட்டுக்காரர் சமாதி மேட்டையே காணோம். அன்றைக்கு அக்கா மழையில் நின்று கையாலேயே மண்ணை அள்ளி அள்ளி மேலே போட்டார்.

ஒரே ஒரு சமாதி மட்டும் அலுங்காமல் இருந்தது. எங்கள் லயத்திலேயே பெரிய சோம்பேறி ஒருவன், தன் அப்பன் சமாதிப் பக்கம் எட்டிப் பார்க்காததால் அங்கே புதரும் பெரணியும் மண்டிக் கிடந்தன. மண் ஒரு பிடி நகரவில்லை. “ஏன்டா, ஒங்கப்பனைக் காப்பாத்துனது ஒன் சோம்பேறித்தனம்தான்டா!” என்று அழுதுகொண்டிருந்த அக்காவே சிரித்துவிட்டார். அதே மூச்சில் சொன்னார்: “இனிமே இந்த எல்லைக்குள்ள யாரும் இரும்பு கொண்டுவரப்படாது.”

அது எங்களுக்குச் சட்டமாகிவிட்டது. குழி தோண்ட மட்டும் மண்வெட்டி உள்ளே வரும், அன்றைக்கே வெளியே போய்விடும். கல் இல்லை, சிமெண்ட் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று சோலைக்குள்ளிருந்து ஒரு கன்று எடுத்துவந்து தலைமாட்டில் நடுவோம். முன்பே அடக்கம் செய்தவர்களுக்கும் நாவல், விக்கி, செண்பகம் என்று கிடைத்ததை நட்டோம். அடுப்புக்கு விறகில்லாமல் திண்டாடிய நாட்களிலும் அங்கே ஒரு சுள்ளி பொறுக்கியதில்லை, ஒரு கண்ணி வைத்ததில்லை. நாங்கள் நட்டது கொஞ்சம். குருவிகள் எச்சத்தில் நட்டதுதான் அதிகம். ஏழெட்டு வருஷத்தில் தவிட்டுப்பழச் செடி பழுத்தது. காட்டுக்கோழி குஞ்சோடு மேய்ந்தது. கேளையாடு என்கிற சின்ன மான் வந்தது. மத்தியானத்தில் காட்டுமாடு வந்து நிழலில் படுத்து அசைபோட்டது. கோடையில் வற்றிப்போகும் கீழ் ஓடையிலும் தண்ணீர் நின்றது.

அதையெல்லாம் பிடுங்கிவிட்டுத் தேயிலை நடத்தான் அந்த மூங்கில் குச்சி.

“காட்டுமாடு படுக்கிற எடத்துல சனங்களுக்குப் பயமா இல்லீங்களா?” என்றார் அதிகாரி. பேச்சில் மரியாதை இருந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை.

“தொரை, அது இங்க படுக்கிறதாலதான் லயத்துப் பக்கம் வர்றதில்ல” என்றார் அக்கா. “எங்கப்பனையும் ஆத்தாளையும் அங்க கண்டியில தேயிலைத் தூருக்கு அடியிலதான் பொதைச்சோம். அடையாளம் கெடையாது. அவங்க மேல நின்னுதான் கொழுந்து கிள்ளுனேன். அவங்களை விட்டுட்டுத்தான் கப்பல் ஏறுனேன். இப்ப புருஷன் மேலயும் நின்னு கிள்ளச் சொல்றீங்களா?”

அதிகாரி சரிவைப் பார்த்தார். “நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா எனக்கு ஒரு சமாதிகூடக் கண்ணுல படலீங்களே.”

அக்கா கூடையை இறக்கி வைத்தார். உள்ளே போய் ஒரு விக்கி மரத்தடியில் நின்று, மரத்தின் மேல் கை வைத்தார். நான் போய் என் மாமியாரின் நாவல் மரத்தடியில் நின்றேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராகக் கூடையை இறக்கிவிட்டு அவரவர் மரத்துக்குப் போனார்கள். சோம்பேறி கடைசியாகத்தான் வந்தான், ஆனால் வந்துவிட்டான். சரிவு முழுக்க மரம், மரத்துக்கு மரம் ஆள். அந்த நேரம் பார்த்து, சோலையிலிருந்து நீண்ட கிளையில் உட்கார்ந்திருந்த கருமந்தி ஒன்று கடித்த பழத்தை என் தலையில் போட்டது. “ஒன் மாமியாளுக்கு இன்னும் கோவம் தீரலடி!” என்று யாரோ கத்த, அழவேண்டிய நேரத்தில் அத்தனை பேரும் சிரித்தோம்.

வந்த நாட்டில் எங்களுக்கென்று எதுவும் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்றைக்கும் யாராவது “உங்களுக்குச் சொந்த ஊர் எது?” என்று கேட்டால், நான் தயங்காமல் இந்த ஊர் பெயரைச் சொல்வதற்கு அன்று அந்த மரத்தடியில் நின்றதுதான் காரணம்.

அதிகாரி என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. அவரும் சிரித்தார். பிறகு தாம் ஊன்றிய குச்சியைத் தாமே குனிந்து பிடுங்கினார். எங்கள் எல்லையை விட்டு வெளியே போய், தேயிலையின் முதல் வரிசையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஊன்றினார். அந்த ஒரு வரிசையும் எங்களுக்கே என்பதுபோல.