வேலம்மாளின் மல்லிப் பாத்தி

டில்லி ஆர்.கே.புரத்தில் அந்தப் பூங்காவைச் சுற்றியிருந்த குவார்ட்டர்ஸ்களில் வேலம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. அப்படி யாராவது இருந்தால், அவர்கள் அவளிடம் இன்னும் ஏச்சு வாங்கவில்லை என்று அர்த்தம். பால் டிப்போ வரிசையில் குறுக்கே நுழைந்தவர், குழாயை மூடாமல் போனவர், செடியின் மேல் சைக்கிளைச் சாய்த்தவர் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள். ஏச்சு தமிழில் ஆரம்பித்து, நடுவில் ஹிந்திக்குத் தாவி, முடியும்போது திருநெல்வேலிச் சீமைக்கே திரும்பிவிடும். வாங்குகிறவருக்கு நடுப்பகுதி மட்டும் புரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்த நல்லசிவத்துக்கு வாழ்க்கைப்பட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் டில்லி வந்து சேர்ந்தாள். நல்லசிவம் பரம சாது. ஆபீஸில் ஃபைலைத் திறக்கும் முன் அதனிடமே அனுமதி கேட்பார் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அந்த வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட தைரியம் முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள் போல. வந்த புதிதில் ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. அதற்காகப் பேசாமல் இருந்தவளும் இல்லை.

பூங்கா, பக்ஷி சாகிபின் யோசனை. அவர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். பிரிவினையின்போது லாயல்பூரிலிருந்து கட்டிய துணியோடு கிளம்பி வந்த குடும்பம். குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே உடைந்த சிமெண்ட் குழாயும் முள்ளுமாகக் கிடந்த பொட்டலைக் காட்டி, ஒரு கூட்டத்தில் அவர் ஹிந்தியில் சொன்னார்: "இந்தக் காலனியில் சொந்த ஊர்க்காரன் என்று ஒருத்தனும் கிடையாது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாத்தி போடுவோம். அவரவர் பூ, அவரவர் பாத்தி. பார்க்கிறவனுக்கு டில்லி என்றால் யார் யார் என்று தெரியட்டும்."

கூட்டத்தில் கைதட்டிய முதல் ஆள் வேலம்மாள். பாதிதான் புரிந்தது. ஆனாலும் நல்ல காரியம் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

பஞ்சாபிகள் ரோஜா வைத்தார்கள். வங்காளிகள் செம்பருத்தி. மலையாளிகள் தெச்சி என்கிற இட்லிப்பூ. கடுவாலிகள் தங்கள் இமயமலை ஊர்களிலிருந்து எதையோ கொண்டுவந்து நட்டார்கள், அது மஞ்சளாகப் பூத்தது. தமிழ்க்காரர்களின் கூட்டம் விஜயலக்ஷ்மி மாமி வீட்டில் கூடியது. மாமி தஞ்சாவூர்க்காரி. கீழ்த்தளத்தில் இருப்பதால் எல்லாப் பஞ்சாயத்தும் அங்கேதான் நடக்கும். துளசி என்றார் ஒருவர். வாழை என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் சண்டை நடந்த பிறகு வேலம்மாள் எழுந்து, "மல்லியைத் தவிர வேற எதையாச்சும் வச்சீங்கன்னா ராத்திரியோட ராத்திரியா நானே புடுங்கிப் போட்டுருவேன், ஆமா" என்றாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனவள், மல்லிப் பதியன்களை டால்டா டின்களில் வைத்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் மடியிலும் காலடியிலுமாகக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் தன் குடிதண்ணீரை அவற்றுக்கு ஊற்றினாள். நாக்பூர் தாண்டி டிக்கெட் பரிசோதகர் காலால் ஒரு டின்னைத் தள்ளியபோது, அவர் வாங்கியதை அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். டில்லிக் குளிரில் செடிகள் குச்சி குச்சியாக நின்றன. சாக்குத் துணி போர்த்திக் காப்பாற்றினாள். கோடை வந்ததும் அவை தழைத்ததைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நம் செடி இந்த மண்ணில் வேர் பிடித்துவிட்டது, இனி யார் அசைக்க முடியும் என்று நினைத்தாள்.

ஆனால் ஒரு சங்கடம். அந்தப் பாத்தியில் யாரும் பூவைப் பார்த்ததே இல்லை.

ரோஜாப் பாத்தி குளிர்காலம் முழுக்கப் பூத்துக் குலுங்கும்போது மல்லி தூங்கும். அது விழித்துக்கொண்டு மொட்டு விடும் காலத்தில், பொழுது விடிவதற்குள் மொட்டு எல்லாம் போய்விடும். விரிந்த மல்லியைச் செடியில் விட்டுவைக்கத் தமிழ்ப் பெண்களுக்குத் தெரியாது. மொட்டாகப் பறிக்க வேண்டும், கட்ட வேண்டும், சாமிக்குக் கொஞ்சம், தலைக்குக் கொஞ்சம், மிச்சம் இருந்தால் அக்கம்பக்கத்துக்கு. சாயங்காலம் அது கூந்தலில் விரிய வேண்டும். செடியிலேயே விரிந்து உதிர்ந்தால் அது பாவம். இப்படியே மூன்று கோடைகள் போயின. அந்தப் பாத்தியில் பூ பூக்கிறது என்பதே ஒரு வதந்தி போல ஆகிவிட்டது. பக்ஷி சாகிபே ஒருநாள் நின்று உற்றுப் பார்த்து, "பஹன்ஜி, இது என்ன செடி, டீயா?" என்று கேட்டார்.

ஏஷியாட் விளையாட்டுகள் முடிந்த அடுத்த வருஷம், பூங்காவை முறையாகத் திறந்துவைப்பது என்று முடிவானது. பைசாகி, விஷு, வங்காளி வருஷப் பிறப்பு, தமிழ் வருஷப் பிறப்பு எல்லாம் ஒட்டி ஒட்டி வருகிறதே என்று, சித்திரை முதல் நாள் சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தார் பக்ஷி சாகிப். தோட்டங்களைக் கவனிக்கும் பெரிய அதிகாரி ஓர் அம்மாள் வருவதாக ஏற்பாடு.

சங்கத்தின் செயலாளர் டண்டனுக்கு அப்போதுதான் புது ஸ்கூட்டர் வந்திருந்தது. அது வெயிலில் நிற்பதைப் பார்த்து அவர் உருகிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எழுந்து, "அந்த மதராஸி பாத்தியில் இலையைத் தவிர ஒன்றும் இல்லை. திறப்பு விழா அன்றும் பூ இல்லையென்றால் அந்த இடத்தில் ஸ்கூட்டருக்கு ஷெட் போட்டுவிடலாம்" என்றார். பலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் ஸ்கூட்டர் இருந்தது. பக்ஷி சாகிப் தர்மசங்கடமாக வேலம்மாளைப் பார்த்தார்.

வேலம்மாள் எழுந்தாள். "பூல் ஆயேகா" என்றாள். பூ வரும். "நஹீ ஆயேகா தோ, மை குத் உகாட்கே பேங்க் தூங்கி." வராவிட்டால் நானே பிடுங்கி எறிகிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நல்லசிவம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே தமிழ் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். "வருசப் பொறப்பன்னைக்கு ஒரு மொட்டுல கூட ஒருத்தரும் கைவைக்கப்பிடாது. இப்பமே சொல்லிட்டேன்." எல்லாரும் சரி என்றார்கள். விஜயலக்ஷ்மி மாமி கற்பூரத்தில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தாள். அதுவும் போதாது என்று, பக்ஷி சாகிபிடம் சொல்லி, பூ பறிக்கக் கூடாது என்று ஹிந்தியில் எழுதிய ஒரு மரப்பலகையைப் பாத்தியின் நடுவில் நடவைத்தாள். செடிகளும் அவள் மனசறிந்ததுபோல, பங்குனிக் கடைசியில் மொட்டாய்க் கொட்டின. ஒரு நாள் முன்னால் மாலையில் போய்ப் பார்த்தாள். நாளைச் சாயங்காலம் இத்தனையும் விரிந்தால், டண்டன் மூக்கறுபட்டுத்தான் போக வேண்டும்.

வருஷப் பிறப்பன்று விடியற்காலை எழுந்து குளித்து, விளக்கேற்றி, சாமி படத்தைப் பார்த்தாள். பூ இல்லாமல் முருகன் மொட்டையாக நின்றான். வருஷத்தின் முதல் நாள். மனசு கேட்கவில்லை. இத்தனை மொட்டில் ஒரு கைப்பிடி எடுத்தால் யாருக்குத் தெரியும்? சாமிக்குத்தானே? இருட்டோடு இருட்டாகப் போய், ஓரத்துச் செடியில் ஒரு கைப்பிடி பறித்து மடியில் போட்டுக்கொண்டு, கள்ளி மாதிரித் திரும்பி வந்தாள். கட்டிச் சாமிக்குப் போட்டு, மிஞ்சியதைத் தலையில் வைத்து, இரண்டு துண்டு கிள்ளி, வழக்கம்போல எதிர்வீட்டுக் கமலேஷுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கமலேஷ், பக்ஷி சாகிபின் மனைவி. "சாமி பூ" என்று சொல்லித்தான் எப்போதும் கொடுப்பாள். எங்கிருந்து வந்தது என்று கமலேஷும் கேட்டதில்லை.

மத்தியானம் தண்ணீர் ஊற்றப் போனாள். பாத்தியில் ஒரு மொட்டு கிடையாது. பச்சைப்பசேலென்று இலை. நடுவில் பலகை.

குடத்தைப் போட்டுவிட்டு விஜயலக்ஷ்மி மாமி வீட்டுக்கு ஓடினாள். மாமி தலையில் மூன்று சுற்று மல்லி.

"என்ன மாமி இது!"

"ஒரு பிடிதான்டி எடுத்தேன். நாளும் கிழமையுமா வெறும் படத்தைப் பார்த்துண்டு நிக்க முடியுமோ? மத்தவா யாரும் தொடமாட்டான்னுதான்…" என்று இழுத்த மாமியின் பார்வை வேலம்மாளின் கொண்டையில் போய் நின்றது. "நீ எங்கேருந்து வச்சுண்டிருக்கே?"

வேலம்மாள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. தமிழ் வீடு அத்தனையிலும் இதே கதை. ஆளுக்கு ஒரு கைப்பிடி, எல்லாம் சாமிக்கு, எல்லாம் மற்றவர்கள் பறிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லசிவம் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏளா, ஒண்ணு சொல்லட்டா? எல்லார் வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, நூல் வச்சு செடியில கட்டி விட்டுருவோமா? தூரத்துல இருந்து பாத்தா தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்னால் போனார். "நம்ம பூவை நாமளே கட்டித் தொங்கவிட்டு, பூத்துச்சுன்னு பொய் சொல்லச் சொல்லுதீகளா? அதுக்கு ஸ்கூட்டரே நிக்கட்டும்."

சாயங்காலம் ஷாமியானா பந்தல் போட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண்கள் பட்டுப் புடவையில் வந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அதிகாரி அம்மாள் பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரோஜாவைத் தொட்டார், செம்பருத்தியைப் புகழ்ந்தார், தெச்சியின் பெயரை இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். கடைசியில் தமிழ்ப் பாத்தி. டண்டன் முந்திக்கொண்டு, "பாருங்கள் மேடம், இலை, இலை, இலைதான்" என்று சிரித்தார்.

அம்மாள் பலகையைப் படித்துவிட்டுச் செடியைப் பார்த்தார். பக்ஷி சாகிப் தரையைப் பார்த்தார்.

சொன்ன சொல் இருக்கிறது. பிடுங்குவதாக இருந்தால் இப்போதே குனிய வேண்டும். வேலம்மாள் முன்னால் வந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. காலையில் பறித்த மொட்டு விரிகிற வேளை. பின்னால் நின்ற கூட்டத்திலிருந்து மல்லி வாசனை அப்படியே வந்து அவளை இடித்தது. அதிகாரி அம்மாளும் சட்டென்று தலையைத் தூக்கி, இந்த வாசனை எங்கிருந்து என்பது போலச் சுற்றிலும் பார்த்தார்.

வேலம்மாளுக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. தமிழ்ப் பெண்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்புங்க!" என்று கத்தினாள்.

"என்னடி?" என்றாள் மாமி.

"முதுகைக் காட்டுங்க மாமி, சொல்லுதேம்லா!"

அவள் குரலுக்குக் காலனியே திரும்பும். பட்டுப் புடவைகள் மொத்தமும் திரும்பி, மத்திய சர்க்காரின் பெரிய அதிகாரிக்கு முதுகைக் காட்டி நின்றன. வெள்ளை வெளேரென்று ஒரு வரிசை. பின்னல்களில், கொண்டைகளில், மாமியின் நரைத்த முடியில், அப்போதுதான் விரிந்த மல்லி.

"ஹமாரா பூல் பேட் பே நஹீ ரஹ்தா. ஸிர் பே கில்தா ஹை" என்றாள் வேலம்மாள். எங்கள் பூ செடியில் இருக்காது, தலையில்தான் மலரும்.

பிறகு கூட்டத்தில் ஓர் அசைவு. கமலேஷ் முக்காட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பி நின்றாள். அவள் பின்னலில் இரண்டு விரற்கடை மல்லி. அவளைப் பார்த்து, வங்காளி மித்ரா வீட்டு அம்மாள் திரும்பினாள். மாமி காலையில் கொடுத்த பூ. கீழ்வீட்டு மலையாளத்து ஓமனா திரும்பினாள். பின்வரிசையில் கடுவாலிப் பெண்கள் இருவர், வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பினார்கள். ஒவ்வொரு கோடையிலும் 'சாமி பூ' என்று கதவைத் தட்டிக் கொடுத்ததெல்லாம் எந்தப் பாத்தியில் விளைந்தது என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வேலம்மாள் இதை எதிர்பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றாள். தன் பாத்தி இத்தனை பெரியதா என்று இருந்தது அவளுக்கு.

பக்ஷி சாகிப் மனைவியின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோதியா" என்று தன் பாஷையில் மல்லியின் பெயரைச் சொன்னார் தணிந்த குரலில். "லாயல்பூரில் என் அம்மா கையில் சுற்றிக்கொள்வாள்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "டண்டன் சாப், இத்தனை தலைக்கும் சேர்த்து உங்களால் ஷெட் போட முடியுமா?" என்று கேட்டார். அதிகாரி அம்மாள் முதலில் சிரித்தார். அப்புறம் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்து, "எனக்கு இல்லையா?" என்றார். மாமி தன் தலையிலிருந்ததில் ஒரு சுற்றை அங்கேயே பிரித்துக் கொடுத்தாள்.

வேலம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். நல்லசிவம், ஐயோ செடியைப் பிடுங்கப்போகிறாள் என்று பதறினார். அவள் நடுவிலிருந்த 'பூ பறிக்கக் கூடாது' பலகையை இரண்டு கையாலும் பற்றி ஆட்டிப் பிடுங்கி, தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அது வெகுகாலம் அவள் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருந்தது.