பிரின்ஸும் பத்திரிகைக் காகிதமும்

எங்கள் வீட்டில் எழுத்துள்ள காகிதத்தைக் காலால் தொடக் கூடாது. தவறிப் பட்டுவிட்டால் அக்கணமே குனிந்து, அதனை விரலால் தொட்டு, இரு கண்களிலும் ஒற்றிக்கொள்ள வேண்டும். காகிதம் என்பது சரஸ்வதி. இது என் தந்தையார் வகுத்த சட்டம். அதே காகிதத்தில் கடைக்காரர் கருவாடு மடித்துக் கொடுத்தால் மட்டும் குற்றமில்லை. கருவாட்டுக்குக் கால் இல்லை என்பது அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

பினாங்கில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சிறு தெருவில், கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். தந்தையார் துறைமுகத்தில் தண்டலாக இருந்தார். அதாவது, கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் படகு ஆட்களுக்குத் தலைவர். அவருக்கு மேலிருந்த துரை, சரக்குக் கிட்டங்கியின் மாடி அறைகளில் தனியாக வசித்தவர். வேலையை விட்டுத் தம் தேசத்துக்கே திரும்ப முடிவு செய்தபோது, அவர் தமது நாயைத் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். துரை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

அது குட்டி நாயன்று; ஐந்து வயது கடந்த, செம்பட்டை நிறமுள்ள பெரிய நாய். அதன் பெயர் பிரின்ஸ். தாயார் வாயில் அது பிரிஞ்சி ஆகி, சோற்றின் பெயராயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாயின் தலை என் மார்பளவுக்கு வந்தது. அது வாய் திறந்து கொட்டாவி விட்டாலே நான் கதவுக்குப் பின்னே ஓடிவிடுவேன். தாயாருக்கு நாயென்றால் அருவருப்பு. ஆகவே, காலையிலும் மாலையிலும் அதைக் கயிற்றில் பிடித்துப் பின்சந்துக்கு நடத்திச் சென்று, சாக்கடை ஓரத்தில் அதன் காரியத்தை முடிக்கச் செய்து திரும்ப அழைத்து வரும் பணி, வீட்டின் ஒரே பெண்பிள்ளையாகிய என்மீது விழுந்தது.

நாயோ, காரியத்தை முடிக்கவில்லை. சாக்கடையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மெல்ல முனகும். நான் கயிற்றின் மறுகோடியில், முடிந்த மட்டும் தள்ளி, ஓடுவதற்கு ஆயத்தமாக நிற்பேன். இரண்டு நாள் இவ்வாறே கழிந்தது. எங்களோடு தங்கியிருந்த மாமன், தாயாரின் தம்பி, அதைக் கண்டு வியந்தார்.

“கட்டுப்பாடான நாய்லா, அக்கா. வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேர்த்து விட்டுரலாம்.”

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் படகு ஆட்கள் சிலர் எங்கள் கூடத்துக்கு வருவார்கள். தந்தையார் பாயின்மேல் தமிழ்ப் பத்திரிகையை விரித்து, வரிக்கு வரி விரல் வைத்து, உரக்கப் படிப்பார். நான் அவருக்கு நேர் எதிரே, அடுக்களைக் கதவோரம் அமர்ந்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்பது தாயாரின் கட்சி. தந்தையார் அதை மறுத்ததில்லை. ஆயினும் விரல் இருக்கும் இடத்தையும் வாயில் வரும் ஒலியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்தி, அந்த எழுத்துகள் ஏறத்தாழ யாவற்றையும் நான் இரண்டு ஆண்டுகளில் திருடிக்கொண்டிருந்தேன். திருட்டு என்றே எண்ணியிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று வாசலில் யாரோ அழைக்க, தந்தையார் எழுந்து போனார். முற்றத்தில் கட்டியிருந்த நாய் கழுத்துக் கயிற்றை உருவிக்கொண்டு வந்தது. ஆட்களைக் கடந்து, பத்திரிகையை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்து, நான்கு கால்களையும் அதன்மேல் ஊன்றி நின்று, இரண்டு நாள் அடக்கியதை நிதானமாக, நெடுநேரம் பெய்தது. அதன் முகத்தில் கடமையை முடித்தவனின் அமைதி இருந்தது.

திரும்பி வந்த தந்தையார் சொட்டுகின்ற பத்திரிகையைக் கையில் எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்; ஒற்றிக்கொள்ளவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. இரண்டு விரல்களால் அதைப் பிடித்தபடி அவர் நின்ற நிலையைக் கண்டு ஓர் ஆள் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து நாய் அடி வாங்கியது. அதன் மூக்கை ஈரத்தில் அழுத்தி, தாம்புக் கயிற்றால் அடித்தார். அது கத்தவில்லை, நடுங்கியபடி அவர் முகத்தையே பார்த்தது. தான் செய்ததில் எது பிழை என்று அதற்கு விளங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அதன்பின் அவ்வீட்டில் அனைவரும் அஞ்சினோம். நான் நாய்க்கு அஞ்சினேன். நாய் தந்தையாருக்கு அஞ்சியது. தந்தையார் சரஸ்வதிக்கு அஞ்சினார். மறுநாள் அதைவிடக் கொடியது நிகழ்ந்தது. கூடத்தில் சரஸ்வதி படத்தின் கீழே, ஒரு பலகைமேல், தந்தையார் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார். நாய் அந்த அடுக்கின்மேல் ஏறி நின்றது.

இம்முறை அவர் அடிக்கவில்லை. அதுவே என்னை அதிகம் அச்சுறுத்தியது. நனைந்த தாள்களைப் பிரித்து எடுத்து, குப்பையில் போட மனமின்றி, கடலில் விடுவதற்காக ஒரு துணியில் முடிந்தார். முடிந்துகொண்டே சொன்னார்.

“வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் பார்ப்பேன். வீட்டுக்குள்ள இன்னொரு தடவ நடந்துச்சுன்னா நாய்வண்டிக்காரன்கிட்ட ஒப்படைச்சிருவேன்.”

நாய்வண்டியை நான் பார்த்திருக்கிறேன். இரும்புக் கம்பி அடித்த பெட்டிவண்டி. அதனோடு நடந்து வரும் ஆளின் கையில் நீண்ட கழி. கழியின் நுனியில் கம்பிச் சுருக்கு. பாசார் என்னும் சந்தை முனையில் ஒரு கறுப்பு நாயின் கழுத்தில் அந்தச் சுருக்கு இறுகியபோது அதன் பின்னங்கால்கள் மண்ணைக் கீறிய ஓசை என் காதில் நெடுநாள் இருந்தது. வண்டிக்குள் போன நாய் எதுவும் வெளியே வந்ததாக யாரும் சொன்னதில்லை. அன்று மாலை நான் பின்சந்துக்கு நாயை நடத்திப் போனபோது முதன்முறையாகக் கயிற்றைச் சற்றுக் குறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சோறு உண்ணும்போது மாமன் தாயாரைச் சீண்டினார்.

“அக்கா, உங்களுக்கு விஷயம் தெரியல. தொரைமாருக்குக் காலையில பேப்பர் இல்லாம வயிறு எளகாது. இது தொரை வளர்த்த நாய். பேப்பரக் குடுங்க, தானா நடக்கும்.”

“திங்கிற நேரத்துல பேசுற பேச்சாடா இது?” என்றார் தாயார். தந்தையாருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றோடு அந்தச் சொற்களையும் மென்றுகொண்டிருந்தேன்.

அடுக்களையில் கருவாடு மடித்து வந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள் ஒன்று கிடந்தது. ஆங்கிலம் சரஸ்வதிக்குத் தெரியாது என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். படத்தில் அவள் கையில் இருப்பது ஓலைச்சுவடிதானே. தாளைப் பாவாடைக்குள் மறைத்துப் பின்சந்துக்குக் கொண்டு போய், சாக்கடை ஓரத்தில் விரித்தேன். நாய் தாளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில், இத்தனை நாள் ஏன் இதை எடுத்து வைக்கவில்லை என்னும் கேள்வி இருந்தது. தாள்மேல் ஏறி நின்றது; காரியம் முடிந்தது.

துரை அதைக் குட்டியிலிருந்து மாடி அறையிலேயே, காகிதம் விரித்தே பழக்கியிருந்தார் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். நாங்கள் அதைப் பழக்கப்படாத நாய் என்று எண்ணி அடித்தோம்.

புதனும் வியாழனும் கருவாட்டுத் தாள்களால் கழிந்தன. எனினும் அச்சம் குறையவில்லை. சரஸ்வதி ஒருவேளை ஆங்கிலமும் அறிந்தவளாக இருந்துவிட்டால், நான் திருடிய எழுத்துகளை அவள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வாள் அல்லவா? ஆகவே ஒவ்வொரு காலையும், தந்தையார் வேலைக்குச் சென்றபின், அடுக்கின் மேல்தாளை எடுத்து என் வழக்கப்படி பிடித்து ஒரு வரி படித்துப் பார்ப்பேன். எழுத்துகள் இருந்த இடத்தில் இருந்தால்தான் மூச்சு வரும். கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளைக் கொண்டு சோதிக்க இயலாது. அவற்றில் எழுதியிருப்பது எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை; அவை வேறு ஏதோ பாஷை என்று கருதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். கருவாடு இல்லை, ஆதலால் காகிதமும் இல்லை. நாய் பின்கதவருகே நின்று முனகியது. கூடத்தை நோக்கி இரண்டடி வைத்தது. எனக்கு அந்தக் கம்பிச் சுருக்கு நினைவுக்கு வந்தது. பலகையிலிருந்து தமிழ்த் தாள் ஒன்றை உருவினேன்.

கடவுள் பெயர்களை மட்டும் கிழித்து எடுத்துவிட்டால் பாவம் பாதியாகக் குறையும் என்று தோன்றியது. அது விளம்பரப் பக்கம். சுப்பிரமணியம் என்பதைக் கிழித்தேன். லட்சுமி என்பதைக் கிழித்தேன். ராமசாமி, முருகேசன், மீனாட்சி, சிவலிங்கம் எனக் கிழிக்கக் கிழிக்க வந்துகொண்டே இருந்தார்கள். கடவுள் பெயர் இல்லாத தமிழர் ஒருவரும் அந்தப் பக்கத்தில் வாணிபம் செய்யவில்லை. காதர் என்று ஒரு பெயர் வந்தபோது ஐயம் எழுந்தது. அடுத்த வீட்டு அரிசிக்கடைப் பாயிடம் ஓடினேன்.

“பாய், காதர்னா யாரு?”

“அல்லாவோட பேரும்மா. எதுக்குக் கேக்குற?”

“சும்மா.”

அதையும் கிழித்தேன். கிழித்த துண்டுகளைக் கண்ணில் ஒற்றிச் சரஸ்வதி படத்தின் பின்னே செருகினேன். எஞ்சியது தாள் என்பதைவிடச் சல்லடை என்று சொல்வதே தகும். நாய் அதைப் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமையும் அதே ஏற்பாடுதான்; வேறொரு வாரத்துத் தாள், அதே விளம்பரங்கள். சாக்கடை ஓரத்தில் தாளை விரித்துக் கயிற்றைத் தளர்த்தினேன். நாய் ஒரு காலை எடுத்து வைத்தது. வைத்த கால் அப்படியே நின்று நடுங்கலாயிற்று. திரும்பினேன். அரைநாள் வேலை முடித்த தந்தையார் சந்தின் வழியாக வந்துகொண்டிருந்தார்.

அவர் குனிந்து தாளை எடுத்து உயர்த்திப் பிடித்தார். ஓட்டைகளின் வழியே வெயில் இறங்கி அவர் சட்டைமேல் புள்ளி புள்ளியாக விழுந்தது.

“யாரு கிழிச்சது?”

“நான்தாம்பா.”

அவர் ஓர் ஓட்டையில் விரலை நுழைத்தார். “இதுல என்ன இருந்துச்சு?”

“சுப்பிரமணியம்.”

“இதுல?”

“லட்சுமி.”

“இதுல?”

“காதர். அது அல்லாவோட பேருன்னு பாய் சொன்னாரு.”

அவர் விரல் அந்த ஓட்டையிலேயே நின்றது. “அது பாய் சொன்னாரு. படிக்க யாரு சொல்லிக் குடுத்தா?”

திருடினேன் என்று எப்படிச் சொல்வது? அவர் என்னை உள்ளே அழைத்துப் போய், அவ்வாரத்துப் புதிய பத்திரிகையை என் கையில் கொடுத்து, “படி” என்றார். நான் அதை வாங்கி, என் வழக்கப்படி, தலைப்பு என் மடியின் பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

“தலைகீழாப் புடிச்சிருக்கா. இவ படிச்சா மாதிரிதான்” என்றார் தாயார்.

நான் படித்தேன். கப்பல் ஒன்று வந்து சேர்ந்த செய்தி. ஓர் எழுத்தும் தவறவில்லை. தந்தையார் என்னைப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் பாய் விரிக்கும் இடத்தைப் பார்த்தார். பின்பு, அதற்கு எதிரேயுள்ள அடுக்களைக் கதவோரத்தைப் பார்த்தார். அடி விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். அவரோ ஓட்டைத் தாளை என்னிடம் நீட்டினார்.

“கொண்டுபோய்ப் போடு. நாய் காத்துக்கிட்டு நிக்குது.”

நாளுக்கு நாள் தாளைச் சிறிதாக்கி, உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்து, பின் அதுவும் இல்லாமல் பிரின்ஸைப் பழக்க இரண்டு மாதம் பிடித்தது. அதன்பின் அது எங்களோடு பல்லாண்டுகள் இருந்தது.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் மறக்கவில்லை. ஆட்கள் கூடியிருந்தார்கள். தந்தையார் பத்திரிகையை விரித்துவிட்டு, கதவோரம் இருந்த என்னைக் கையசைத்து அழைத்தார். எல்லாரும் பார்க்க, தமக்குப் பக்கத்தில், தம் முழங்காலை ஒட்டி உட்கார வைத்தார். முதல் வரியில் விரல் வைத்து, “இன்னிக்கு என் மக படிப்பா” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். ஓர் எழுத்தும் தெரியவில்லை. நேற்றுவரை நான் அறிந்திருந்த எழுத்துகள் போய், கடைப்பலகைகளில் இருந்த அந்த வேறு பாஷை தாள் முழுவதும் நிறைந்திருந்தது. சரஸ்வதி வந்துபோய்விட்டாள், எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

தந்தையார் என் முதுகைத் தடவினார். “பயப்படாதம்மா. நாய எங்கயும் அனுப்பல” என்றார்.

நான் நாய்க்காக அழவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் என்னைத் தாளின் எந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை.