பெரியப்பா வெளுத்த புல்லாங்குழல்

அந்த வெள்ளிப் புல்லாங்குழலைப் பெரியப்பா பிளீச்சிங் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். பனியன் துணிகளோடு அதையும் வெயிலில் காயப்போட்டார். எண்பதுகளில் வீரபாண்டியில் அவர் வைத்திருந்த பட்டறையில்தான் எனக்கு வேலை. வெளுக்காத எதையும் வெளிநாட்டுக்காரன் கண்ணில் காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை. துணிக்குச் சரி. வெள்ளிக்கு?

குழல் பிரான்சில் செய்தது. அங்கிருந்து வந்த சாமியார் ஒருவர், மாதா கோயிலில் வாசித்துக்கொண்டிருந்த என் தாத்தாவுக்குக் கொடுத்தது. தாத்தாவுக்குப் பிறகு அதை வாசித்தவர் அத்தை மட்டும்தான். பெரியப்பாவுக்கு ஒரு சுரம்கூட வராது. ஆனாலும் மூத்த மகன் என்ற திமிரில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். பனியன் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அபூர்வமான பழம்பொருள், நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அத்தை கெஞ்சினார், அழுதார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் குழலு? அடுப்பு ஊதவா?" என்றார் பெரியப்பா. அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெயில் ஏற ஏறக் குழல் கறுத்தது. துளைகளை மூடும் சாவிகளுக்கு அடியிலிருந்த தோல் மெத்தைகள் ஊறிப் பிய்ந்துவிட்டன. மறுநாள் வந்த பிரெஞ்சுக்காரர், பழசு பழசாக இருந்ததால்தானே கேட்டேன் என்று கத்திவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரியப்பா கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, பெட்டியை அத்தையிடம் நீட்டினார்.

"இந்தா அம்மிணி, இந்தக் கரிக்கட்டைய நீயே வெச்சுக்க."

"எனக்கேவாங்ண்ணா?"

"உனக்கேதான். எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!"

அத்தை கோயம்புத்தூருக்குப் போய் மெத்தைகளை மாற்றிக்கொண்டு வந்தார். கறுப்பை மட்டும் தொடவில்லை. வருடக்கணக்கில் அந்தக் கறுத்த குழலையே கோயிலில் வாசித்தார். ஒவ்வொரு தடவையும் பெரியப்பா பக்கத்திலிருப்பவரிடம், "நாம்போட்ட பிச்சை" என்று சொல்லிச் சிரிப்பார்.

தொண்ணூறுகளில் ஓர் ஈஸ்டர். அத்தை குழலை உதட்டில் வைத்தார். கோயில் விளக்கெல்லாம் அதில் மின்னியது. பூசை முடிவதற்குள் பெரியப்பா வாசலுக்கு ஓடி வந்து நின்றுகொண்டார்.

"ஏம்மிணி, இது வேற குழலா?"

"அதே கரிக்கட்டைதானுங்ண்ணா. உங்க பட்டறையில துணி மடிச்சப்ப என்ற கொலுசும் இப்படித்தான் கறுத்துச்சு. பல்பொடி போட்டுத் தேச்சாப் போயிருமுங்க."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு இத்தன வருசம் சும்மா இருந்தே?"

"எனக்குக் குடுத்தாச்சுன்னு நீங்க சொல்லாத ஆளு ஊருக்குள்ள இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காங்களான்னு பாத்தேனுங்க."

வாசலே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

பெரியப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அத்தை இன்னும் வாசிக்கிறார். கேள்விப்பட்டு விலை பேச வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைக்கிறார்.

"விக்கறதுக்கில்லீங்க. எங்கண்ணன் ஊரறிய எனக்குக் குடுத்தது."