ஹோரிகுச்சியின் கைக்கு வந்த 'டயர்டு'

டோக்கியோவில் நாங்கள் வேலை செய்த ஆங்கில-ஜப்பானிய அகராதி அலுவலகத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் கிளம்பும்வரை யாரும் கிளம்புவதில்லை. இப்படி ஒரு விதி எங்கும் இல்லை. ஆனாலும் யாரும் எழுந்ததில்லை.

ஹோரிகுச்சி மிட்சுயோ கல்லூரி முடித்த கையோடு அங்கே வந்த பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் வீட்டில் அவரும் அப்பாவும்தான். அந்த இலையுதிர் காலத்தில் அப்பா மருத்துவமனையில் கிடந்தார். மகள் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். எட்டு மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள்.

அன்று அவர் கையில் இருந்தது 'டயர்டு' என்ற ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் தீர்ந்துபோவது, நின்றுபோவது என்று பொருள். அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. களைப்பு, அலுப்பு, சலிப்பு எல்லாவற்றுக்கும் ஜப்பானியச் சொற்களை எழுதிவிட்டார். தலைமைப் பதிப்பாசிரியர் குமாகாய்க்குத்தான் திருப்தியில்லை.

"ஹோரிகுச்சி சான், எடுத்துக்காட்டுல உயிரே இல்லையே. 'நாய் களைத்திருந்தது'ன்னு போட்டா யாரு படிப்பா?"

"மாத்திடறேன் சார்."

மாற்றினார். திரும்பி வந்தது. மணி ஏழை நெருங்கியது.

பக்கத்து மேசை டோகாஷி கிசுகிசுத்தார்: "அவரு எங்க எழுந்திருக்கப் போறாரு? நாற்காலியோட பொறந்த மனுஷன். நீங்க பாத்ரூம் போற மாதிரி நழுவிடுங்க."

"கோட்டு, பையோடவா?" என்றார் ஹோரிகுச்சி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒப்பந்தம் அந்த வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

குமாகாய் மறுபடி கூப்பிட்டார். "நாம வேலை முடிஞ்சா அடுத்தவங்களப் பாத்து 'களைச்சிருப்பீங்க'ன்னு சொல்றோம். இங்கிலீஷ்காரன் தன்னைப் பத்தியே சொல்லிக்கறான். அந்த வித்தியாசம் வரணும்."

ஹோரிகுச்சி எழுந்து நின்றார்.

"சார், நான் களைச்சுப் போயிட்டேன். எங்கப்பா ஆஸ்பத்திரியில சாப்பிடாம இருக்காரு. நான் போறேன்."

அறையில் பேனாக்கள் நின்றன.

"ஆஸ்பத்திரியா? எனக்குத் தெரியாதே. முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலையே சார்."

குமாகாய் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் கதவைத் தாண்டிப் போனார். வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் கிடையாது. ஹோரிகுச்சி போக வேண்டுமென்றால் அவர் முதலில் போயாக வேண்டும்.

அப்பா சாப்பிட்டாரா என்று மறுநாள் காலையில் கேட்டேன்.

"போறதுக்குள்ள தூங்கிட்டாரு," என்றார் ஹோரிகுச்சி. "எழுப்பித்தான் ஊட்டினேன். திட்டிக்கிட்டே சாப்பிட்டாரு."