கழுத்தில் கத்தி, வாயில் ஜப்பான்

கத்தியைக் கழுத்தில் வைத்த பிறகுதான் பாடத்தை ஆரம்பிப்பார். "சார், நீங்க இமிக்ரேஷன் ஆபீசர். பாஸ்போர்ட் கேளுங்க." மறுத்துத் தலையாட்டும் நிலையில் நான் இல்லை. "பாஸுபோத்தோ," என்கிறேன். "ஹை, தோஸோ," என்று மறு கையால் சீப்பை நீட்டுகிறார்.

எங்கள் தெரு சலூன்காரருக்கு நாலு மாதமாக இதே வேலை. கண்ணாடியில் முகம் தெரியும் இடத்தைவிடக் காகிதம் ஒட்டிய இடம் அதிகம். கூகோ, விமான நிலையம். நிமொத்ஸு, பெட்டி படுக்கை. மதோகவா, ஜன்னலோர இருக்கை. கிருதா ஒன்று மேலே, ஒன்று கீழே போனாலும், பெட்டி தொலைந்தால் என்ன சொல்வது என்று தெரிந்துகொண்டுதான் வாடிக்கையாளர்கள் வீடு திரும்புகிறோம். டவுன் பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறாத தபால்காரர் ஒருவர் ஜப்பானிய மொழியில் ஜன்னலோர இருக்கை கேட்கிறார். நன்றாகவே கேட்கிறார்.

சலூன்காரரின் மகள் ஜப்பானில் வாழ்க்கைப்பட்டவள்; அவளைப் பார்க்கப் போகத்தான் இந்தப் படிப்பு. "எல்லா போர்டும் இங்கிலீஷ்லயும் இருக்கும்ப்பா. நானே ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்பேன்," என்று வாராவாரம் சொல்கிறாள். இவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. "அவ நிப்பா சார். அவகிட்ட நான் போய்ச் சேர வேணாமா?"

அவர் மனைவியின் கட்சி வேறு. "ஏர்போர்ட்ல பொளந்து கட்டுவாரு. வீட்டுக்குப் போனா பேத்திகிட்ட ஊமை." அது உண்மைதான். மூன்று வயதுப் பேத்திக்குத் தமிழ் வராது. போனில் தாத்தா முகத்தைக் கண்டால் இரண்டு நொடி பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கத்தி நின்றுவிடும். "என்னைப் பாத்தா பயமோ என்னவோ. நேர்ல போனாலும் ஓடிட்டான்னா?" எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நேற்று என் ஒரு கன்னம் முடிந்திருந்தபோது மகள் வீடியோவில் அழைத்தாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாக அவள் எழுந்து போக, எதிரே பேத்தி மட்டும். வழக்கம்போல் ஓடக் கிளம்பினாள். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு மாதப் படிப்பில் நாக்குக்கு வந்ததைச் சொல்லிவிட்டார்: "தெகுச்சி வா தோகோ தெஸு கா?" வெளியே போகும் வழி எங்கே என்று பொருள்.

பேத்தி நின்றாள். அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு, படம் ஆட ஆட, வீட்டு வாசலுக்கு நடந்தாள். எட்டிக் கதவைத் திறந்து, தாத்தா போகட்டும் என்று போனை வெளியே நீட்டினாள்.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்ற சலூன்காரர், நிலை இடித்துவிடாதபடி தலையைக் குனிந்துகொண்டார்.